போக்கும் வரத்தும்: கார் இல்லாதவர்களின் தலைநகரம்

(தில்லியில் தமிழ்த் தோழர்களின் மாதாந்திரப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மாதக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று பொறுப்புத் தோழர் கேட்டபோது, “கார் இல்லாமல் நகரத்தில் நடமாடுவது பற்றி” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அதில் பேச என்ன இருக்கிறது? நம்மில் யாரிடம் கார் இருக்கிறது?” என்றார். அவருடைய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்மில் பெரும்பாலோரிடம் கார் இல்லை. நாட்டு மக்களில் பெரும்பாலோரிடமும் இல்லை. 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 100 குடும்பங்களில் கார் வைத்திருப்பவை சுமார் 8. கார்களின் நகரம் என்று சொல்லப்படும் தில்லியிலேயே, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பத்திடம்தான் கார் இருந்தது. ஆகவே, கார் இல்லாமல் வாழ்வது இந்நாட்டில் விதிவிலக்கு அன்று, அதுவே விதி. ஆனால் மேம்பாலங்களும் சமிக்ஞை விளக்குகளின் நேரமும் சாலையின் அகலமும் அந்த ஒரு பங்கினருக்காகவே திட்டமிடப்படுகின்றன. எஞ்சிய நான்கு பங்கினர் பாலத்துக்கு அடியில் நின்று, எப்போது கடக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பான்மையினரின் வாழ்க்கை எவ்வாறு ஒரு குறைபாடாகக் கருதப்படலாயிற்று என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய கேள்வி.

ஒரு சொல்லின் இரு பாதி

நான் மொழிபெயர்ப்பாளர், எனவே ஒரு சொல்லிலிருந்து தொடங்குவதற்கு என்னை மன்னிக்கவேண்டும். ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்போர்ட்’ என்கிறார்கள். அதன் இலத்தீன் வேர், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்வதைக் குறிக்கும். சுமை போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது. தமிழில் நாம் ‘போக்குவரத்து’ என்கிறோம். போக்கு, வரத்து என இரண்டு பாதிகள். நம்மைச் சுற்றியுள்ள இந்தி மக்கள் சொல்லும் ‘யாதாயாத்’ என்ற சொல்லிலும் போதலும் வருதலும் சேர்ந்தே இருக்கின்றன. போனவர் திரும்பி வரவேண்டும் என்ற எண்ணத்தை மக்களின் மொழிகள் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

திட்டமிடுவோர் முதல் பாதியை மட்டுமே பார்க்கிறார்கள். காலையில் தொழிலாளியை ஆலைக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் முதலாளிக்கு அக்கறை உண்டு. இரவில் அவர் வீடு திரும்புவது அவரவர் பாடு. 2012 டிசம்பர் 16 இரவை இந்த நகரம் மறந்திருக்காது. திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்ப விரும்பிய ஓர் இளம்பெண்ணும் அவருடைய நண்பரும், முனிர்க்கா நிறுத்தத்திலிருந்து ஒரு தனியார் பேருந்தில் ஏறினார்கள். அதன் பிறகு நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. குற்றவாளிகளின் தண்டனையைப் பற்றி நாடு முழுவதும் விவாதித்தது, விவாதிக்கவேண்டியதுதான். ஆனால் நாட்டின் தலைநகரத்தில் இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டு இளைஞர்கள் நம்பி ஏறும்படியான ஓர் அரசுப் பேருந்து அந்த நிறுத்தத்தில் ஏன் இல்லை என்ற கேள்வி போதுமான அளவு கேட்கப்படவில்லை. வரத்து என்னும் பாதி அறுந்துபோன இடம் அது.

இன்னொரு சொல்லும் அண்மையில் என்னைத் தொல்லைப்படுத்தியது. ‘லாஸ்ட் மைல் கனெக்டிவிட்டி’ என்று ஒரு கட்டுரையில் வந்தது. ‘கடைசி மைல் இணைப்பு’ என்று எழுதினேன். எழுதிவிட்டு யோசித்தேன்: யாருக்குக் கடைசி மைல்? திட்டமிடும் நிறுவனம் தனது ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு வெளியே பார்க்கிறது. அதற்கு அது கடைசி மைல். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுச் சேற்றில் நடந்து வரும் பெண்ணுக்கு அதுதான் முதல் மைல். அந்த மைலில் பேருந்து இல்லையென்றால் அவருக்குப் பயணமே தொடங்குவதில்லை.

பயண நேரம் யாருடைய நேரம்?

மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில் போக்குவரத்துத் தொழிலைப் பற்றி ஒரு முக்கியமான கருத்தைச் சொல்கிறார். மற்ற தொழில்கள் பொருளை உற்பத்தி செய்து விற்கின்றன. போக்குவரத்துத் தொழில் விற்பது இடமாற்றத்தையே. சரக்கை ஆலையிலிருந்து சந்தைக்குக் கொண்டுசேர்ப்பதும் உற்பத்தியின் தொடர்ச்சியே. அந்தச் செலவு சரக்கின் மதிப்பில் சேர்ந்துவிடுகிறது.

இப்போது ஒரு கேள்வி. முதலாளித்துவத்தில் உழைப்புச் சக்தியும் ஒரு சரக்குதானே? அந்தச் சரக்கு நாள்தோறும் காலையில் ‘சந்தை’க்கு வந்து சேரும் செலவை யார் ஏற்கிறார்கள்? சிமெண்ட் மூட்டையின் வண்டிச் சத்தம் விலையில் சேர்கிறது. அந்த மூட்டையைத் தூக்கும் தொழிலாளியின் பேருந்துக் கட்டணமோ அவருடைய கூலியிலிருந்து போகிறது. அவருடைய பயண நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எட்டு மணி நேர வேலைநாளுக்காக உலகத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். அந்த எட்டு மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரமும் பின்னால் இரண்டு மணி நேரமும் ஒட்டிக்கொண்டால், அது பன்னிரண்டு மணி நேர வேலைநாள்தான். நான்கு மணி நேரத்துக்குக் கூலி இல்லை என்பது மட்டுமன்று, அந்த நேரத்துக்குத் தொழிலாளியே பணமும் கட்டுகிறார்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். பேருந்துக் கட்டண உயர்வு என்பது கூலிக் குறைப்பு. கட்டணமில்லாப் பயணம் என்பது சமூகம் வழங்கும் கூலி. ‘இலவசம்’ என்று இகழ்வோர் இதை மறைக்கிறார்கள். காருக்காகக் கட்டப்படும் மேம்பாலத்தில் ஏறுவோரிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. அதை யாரும் ‘இலவசம்’ என்று அழைப்பதும் இல்லை.

ஏங்கெல்ஸ் 1845ஆம் ஆண்டு வெளியான தமது ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை’ நூலில் மான்செஸ்டர் நகரின் அமைப்பை விவரித்திருக்கிறார். பணக்காரர்கள் புறநகரில் வசித்தார்கள். நகர மையத்துக்கு வரும் நெடுஞ்சாலைகளின் இரு பக்கமும் கடைகள் வரிசையாக இருந்தன. அக்கடைகளுக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருப்புகளின் அவலம் மறைந்திருந்தது. நாள்தோறும் அவ்வழியே சென்று வந்தவர்களின் கண்ணில் அது படவே இல்லை. இன்று தில்லியின் மேம்பாலங்களில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்லும் காரில் இருப்பவர், பாலத்துக்கு அடியில் குடும்பம் நடத்துபவரைப் பார்ப்பதில்லை. நகரத்தில் எவ்வாறு நகர்கிறோம் என்பது, நகரத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

வராத பத்தாயிரம் பேருந்துகள்

தில்லிக்கு நான் வந்தது தொண்ணூறுகளில். இந்தி தெரியாது. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாமல் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஏறுவேன். 1992இல் தாராளமயத்தின் முதல் வரவுகளில் ஒன்றாகத் தனியார் பேருந்துகள் ‘ரெட்லைன்’ என்ற பெயரில் சாலைக்கு வந்திருந்தன. விபத்துகளால் அந்தப் பெயர் கெட்டுப்போகவே, வண்ணத்தை மாற்றி ‘புளூலைன்’ ஆக்கினார்கள். உதவியாளர் படியில் தொங்கியபடி பேருந்தின் தகரத்தைத் தட்டும் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. ஒரு பயணியை மற்ற பேருந்துக்கு முன்னால் பிடித்துவிடவேண்டும் என்ற ஓட்டம் அது. பேருந்து முழுவதுமாக நிற்காது. ஓடிக்கொண்டே ஏறவேண்டும், ஓடிக்கொண்டே இறங்கவேண்டும். 2007ஆம் ஆண்டில் மட்டும் புளூலைன் பேருந்துகளால் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஓட்டுநர்களின் ஒழுக்கக் குறைவு என்றார்கள். நாள் வசூல் எவ்வளவோ அவ்வளவே பிழைப்பு என்று விதித்துவிட்டு ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. இலாபவெறியைச் சாலையில் இறக்கிவிட்டால் அது எவ்வாறு ஓடும் என்பதைத் தில்லி இரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டது. பிறகு படிப்படியாக அவை அகற்றப்பட்டன.

1998 ஜூலை 28 அன்று உச்சநீதிமன்றம், தில்லியின் காற்று மாசு வழக்கில் ஓர் ஆணை பிறப்பித்தது. பேருந்துகள் அனைத்தும் சி.என்.ஜி. எரிவாயுவுக்கு மாறவேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது: 2001 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் பேருந்துகளின் எண்ணிக்கையைப் பத்தாயிரமாக உயர்த்தவேண்டும். முதலாவது நிறைவேறியது. இரண்டாவது கால் நூற்றாண்டு கடந்த பிறகும் எட்டப்படவில்லை. காங்கிரஸ் ஆண்டது, ஆம் ஆத்மி ஆண்டது, இப்போது பாஜக ஆள்கிறது. இந்த ஒன்றில் மட்டும் ஆட்சிகளுக்கிடையே வேறுபாடு இல்லை.

2019 அக்டோபர் 29 முதல் தில்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. இளஞ்சிவப்புச் சீட்டு. அதை வரவேற்றோம். நான் நாள்தோறும் பார்த்தேன்: அதுவரை மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்தே வேலைக்குச் சென்ற பெண்கள் பேருந்தில் ஏறினார்கள். வேலைக்காக மட்டுமின்றி, அக்காள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போனார்கள். சும்மா ஊர் பார்க்கவும் போனார்கள். ஆனால் புதிய பேருந்துகள் வருமுன்பே பழையவை ஆயுள் முடிந்து வெளியேறிக்கொண்டிருந்தன. சீட்டு இலவசம், பேருந்துதான் இல்லை என்ற நிலை வந்தது. பெண்கள் நிற்கும் நிறுத்தங்களில் பேருந்துகள் நிற்காமல் செல்வதாகப் புகார்கள் எழுந்து, அன்றைய முதலமைச்சரே ஓட்டுநர்களை எச்சரித்தார். எச்சரிப்பது எளிது. நிரம்பி வழியும் பேருந்தை, நெரிசலில், குறித்த நேரத்தில் ஓட்டிமுடிக்கவேண்டிய ஒப்பந்த ஓட்டுநரைப் பெண் பயணியின் எதிரியாக நிறுத்துவதும் எளிது. 2024 நவம்பரில் சரோஜினி நகர் பணிமனையின் பெண் தொழிலாளர்கள் பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். பயணியின் கோரிக்கையும் தொழிலாளியின் கோரிக்கையும் ஒரே படிக்கட்டில் நிற்கின்றன என்பதை எடுத்துச் சொல்வது நம் வேலை.

இன்று அந்த உரிமையையும் அட்டைக்குள் அடைக்கிறார்கள். தில்லியில் வசிப்பவர் என்று நிரூபிக்கும் பெண்களுக்கு மட்டும் தனி அட்டை என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. நொய்டாவிலிருந்தும் காசியாபாத்திலிருந்தும் ஃபரீதாபாத்திலிருந்தும் வந்து இந்நகரின் பாத்திரங்களைத் துலக்கும் பெண்ணுக்குத் தில்லி முகவரி கிடையாது. உழைப்பு தில்லிக்கு வரலாம். உழைப்பவர் மட்டும் வெளியூர்க்காரர்.

மெட்ரோ: பெருமையும் விலையும்

மெட்ரோவை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே முதல் ரயில் ஓடியபோது வேடிக்கை பார்க்கச் சென்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். பொதுத்துறை நினைத்தால் என்ன செய்யமுடியும் என்பதற்கு அது சான்று. ஒன்றிய அரசும் தில்லி அரசும் சமபங்கு வைத்திருக்கும் நிறுவனம் அது. பெண்களுக்கான பெட்டியும் வெளிச்சமும் நேரந்தவறாமையும் எத்தனையோ பெண்களை இரவில் வீடு சேர்த்திருக்கின்றன.

ஆனால் அதன் கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறப்பதில்லை. 2017ஆம் ஆண்டு மே, அக்டோபர் என ஒரே ஆண்டில் இருமுறை கட்டணம் உயர்ந்தது. உச்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆயிற்று. அக்டோபர் உயர்வுக்குப் பின் நாள்தோறும் ஏறத்தாழ மூன்று லட்சம் பயணிகள் குறைந்தார்கள். அந்த மூன்று லட்சம் பேர் எங்கே போனார்கள்? சிலர் மீண்டும் பேருந்துக் கூட்டத்துக்கு, சிலர் பங்கு ஆட்டோவுக்கு, பலர் தவணையில் வாங்கிய இருசக்கர வாகனத்துக்கு. 2025 ஆகஸ்டில் மீண்டும் ஓர் உயர்வு. இப்போது உச்சம் 64 ரூபாய். 32 கிலோமீட்டருக்கு மேல் செல்பவர் மாதம் 26 நாள் போய்வந்தால் 3,328 ரூபாய். அட்டைச் சலுகையைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 3,000. தொலைவு கூடக் கூடக் கட்டணமும் கூடும் என்பது கணக்குப்படி நியாயம்போலத் தோன்றும். ஆனால் இந்நகரில் தொலைவில் வாழ்பவர் யார்? விரும்பித் தொலைவுக்குப் போனவர் எத்தனை பேர்?

வீட்டைப் பிடுங்கினால் பாதையும் போகும்

நகரத்தின் மையத்தைப் பணக்காரர்களுக்காகத் துப்புரவாக்கி, உழைப்பாளர்களை ஓரத்துக்குத் தள்ளும் பழக்கத்தை ஏங்கெல்ஸ் 1872இல் எழுதிய ‘வீட்டுவசதிப் பிரச்சினை’யிலேயே விளக்கிவிட்டார். தில்லியில் அது அவசரநிலைக் காலத்தில் பெருமளவில் நடந்தது. குடிசைகள் இடிக்கப்பட்டு, மக்கள் மங்கோல்புரி, ஜஹாங்கீர்புரி, திரிலோக்புரி என அன்றைய நகர எல்லைகளில் கொட்டப்பட்டார்கள். 2004இல் யமுனைக் கரைக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது பலர் பவானாவுக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அரசு கொடுத்தது நிலத்துண்டு அல்லது வீடு. எடுத்துக்கொண்டது வேலைக்கு நடந்து செல்லும் தூரத்தை.

2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது ஜங்புராவின் மதராசி கேம்ப். பாராபுல்லா வடிகாலைச் சீரமைக்க உயர்நீதிமன்ற ஆணைப்படி அகற்றுகிறோம் என்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த நம் மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்த இடம். சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்கள்தாம் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று அறிவித்தார்கள். அந்த வீடுகள் நரேலாவில்: நகரின் வடகோடியில், 40 கிலோமீட்டர் அளவு தொலைவில். பெண்களில் பெரும்பாலோர் ஜங்புராவிலும் அதனைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் வீட்டுவேலை செய்தவர்கள், நடந்தே போய்வந்தவர்கள். பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள்.

இதைப் பற்றி நமது ஏட்டில் செய்திகளும் கண்டன அறிக்கைகளும் வந்தன. அவற்றுள் சிலவற்றை மொழிபெயர்த்தவள் நானே. ஆனால் இதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது பிறகுதான். அதை இங்கே சொல்லவேண்டும்.

அந்தக் குடியிருப்பில் நமது தோழர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். மூன்று வீடுகளில் வேலை. கிளைக் கூட்டத்துக்கு ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. படித்த நாங்கள் தாமதமாக வருவோம். 2025 ஜூனுக்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், அரை ஆண்டு. உறுப்பினர் புதுப்பித்தல் படிவங்களை நிரப்பும் பொறுப்பு என்னுடையது. அவருடைய பெயருக்கு நேரே, ‘செயல்பாடு குறைந்துள்ளது’ என்று எழுதினேன். நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதினேன்.

படிவத்தில் கையெழுத்து வாங்க நரேலாவுக்குப் போனேன். மெட்ரோ, பிறகு பேருந்துக்காகக் காத்திருப்பு, பிறகு மின்ரிக்‌ஷா, பிறகு நடை. அவர் விடியுமுன் எழுந்து ஐந்து மணிக்குக் கிளம்புகிறார். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். மூன்று வீடுகளில் காலை வீட்டை விடவேண்டியதாயிற்று, இரண்டு மிச்சம். மாதம் 26 நாள் என்று வைத்தால் 130 மணி நேரம் பாதையில் போகிறது. எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் பதினாறு நாளுக்கு மேல். ஒவ்வொரு மாதமும் பதினாறு நாள் கூலியில்லாமல் உழைக்கும் ஒருவரைப் பார்த்துத்தான் நான் செயல்பாடு குறைந்துள்ளது என்று எழுதியிருந்தேன்.

அவர் என்னைக் குறைசொல்லவில்லை. “கூட்டத்துக்கு வர ஆசைதான் தோழர். ஏழு மணிக்குக் கூட்டம், முடிய ஒம்பதாகும். வந்துடலாம். எப்படித் திரும்புறது?” என்றார். சுவர்களில் எத்தனை முறை முழக்கம் எழுதியிருக்கிறோம்! கிளைக் கூட்டத்தின் நேரத்தைக் குறிக்கும்போது வரத்து என்னும் பாதியை நாமும்தான் மறந்திருந்தோம். அந்த வரியை அடித்துவிட்டுப் படிவத்தை நிரப்பினேன். கிளையில் இதை வைத்துப் பேசினோம். இப்போது ஒரு கூட்டம் ஞாயிறு முற்பகலில் இங்கே, அடுத்த கூட்டம் நரேலாவில். முதல் நரேலாக் கூட்டத்துக்கு அவர் அழைத்து வந்த பெண்களையும் சேர்த்தால், நமது கிளையின் வழக்கமான வருகையைவிட எண்ணிக்கை கூடுதல்.

சாலை யாருக்கு?

2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு ஒரு தனித்தடம் திறக்கப்பட்டது. பேருந்துக்கு நடுவில் தனிவழி, மிதிவண்டிக்குத் தனிவழி, நடப்போருக்கு நடைபாதை. பி.ஆர்.டி. என்றார்கள். சந்திப்புகளில் நெரிசல், பராமரிப்பில் அலட்சியம் எனக் குறைகள் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன்மீது பாய்ந்த கோபத்துக்குக் காரணம் அவை அல்ல. பேருந்து முன்னே செல்ல, கார் காத்துநிற்கும் காட்சியைத் தாங்கமுடியவில்லை. அதை அகற்றக்கோரி உயர்நீதிமன்றம் சென்றார்கள். செல்வத்தை உருவாக்குவோர் காரில் செல்கிறார்கள், அவர்களுடைய நேரம் வீணாகிறது என்ற பொருள்பட வாதிட்டார்கள். பேருந்தில் செல்பவர் உருவாக்குவது என்னவாம்? 2012 அக்டோபரில் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் 2016இல், பொதுமக்களின் ஆட்சி என்று சொல்லிக்கொண்ட அரசே அந்தத் தடத்தை இடித்தது. வழக்கில் தோற்ற கார், ஆட்சியில் வென்றது.

மிதிவண்டியின் கதையும் இதுதான். தில்லியில் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் 99,000-க்கு மேல் கூடாது என்று மாநகராட்சி உச்சவரம்பு விதித்திருந்தது. 2010இல் உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. கார்களின் மொத்த எண்ணிக்கைக்கு அத்தகைய உச்சவரம்பு எதுவும் விதிக்கப்பட்டதில்லை. கொல்கத்தாவில் 2013இல் காவல்துறை 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்தது. பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் தண்டம் கட்டினார்கள்.

நடப்பவர் கொடுக்கும் விலை எல்லாவற்றிலும் பெரிது. ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், நடைபாதையைத் தடையின்றிப் பயன்படுத்துவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. நல்லது. ஆனால் ‘நடைபாதை மீட்பு’ என்ற பெயரில் முதலில் அகற்றப்படுவது எது என்று பாருங்கள்: தேநீர்க் கடையும் காய்கறித் தள்ளுவண்டியும். ஏற்றி நிறுத்தப்பட்ட கார் அங்கேயே இருக்கும். நடப்பவரையும் நடைபாதையில் விற்பவரையும் மோதவிட்டுக் கார் தப்பிக்கொள்ள நாம் அனுமதிக்கக்கூடாது.

வரியிலும் இதே பாகுபாடு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பண்டிகைப் பரிசு என்று கொண்டாடினார்கள். பேருந்துக்கும் அதே 18 விழுக்காடுதான். ஐம்பது பேரைச் சுமக்கும் பேருந்தும் ஒருவரைச் சுமக்கும் காரும் அரசின் பார்வையில் சமம். வாகனங்களை அல்ல, மக்களையே நகர்த்தவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. கொள்கை காகிதத்தில் நடந்துகொண்டிருக்கிறது. சாலையில் கார் ஓடிக்கொண்டிருக்கிறது.

முடியாதது அல்ல

வேறு வழி இல்லையா? இருக்கிறது. லக்சம்பர்க் 2020 மார்ச் முதல் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தைக் கட்டணமின்றி நடத்துகிறது. அது பணக்கார நாடு என்பீர்கள். கொச்சியைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் அங்கு நீர்வழி மெட்ரோ தொடங்கியது. குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். கரையில் உள்ளவர்களுக்கு அது ஒரு புதுமை. படகுக்காகக் காத்திருந்தே வாழ்ந்த தீவு மக்களுக்கோ அது நேரந்தவறாத பாதை.

நமது இயக்கத்தின் மரபிலும் இது புதிதல்ல. 1953 ஜூலையில் கல்கத்தாவில், ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் கையிலிருந்த டிராமில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்தது. ஒரே ஒரு பைசா. இடதுசாரிகள் தலைமையில் நகரமே திரண்டது. மக்கள் உயர்த்தப்பட்ட கட்டணத்தைத் தர மறுத்துப் பயணம் செய்தார்கள். தடியடியும் துப்பாக்கிச் சூடும் கைதுகளும் நடந்தன. இறுதியில் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு பைசாவுக்கா இவ்வளவு என்று கேட்டவர்களுக்குத் தெரியாதது, அன்றாடம் போய்வரும் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. அது கூலியில் விழும் வெட்டு. அதே நகரத்தில் 2024இல், பாரம்பரியக் காட்சிக்காக ஒரு சிறு தடத்தைத் தவிர டிராம்களை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது.

எனவே நாம் கேட்கவேண்டியவை: நீதிமன்றம் சொன்ன பத்தாயிரம் பேருந்துகளையாவது அரசே வாங்கி, நிரந்தரத் தொழிலாளர்களைக் கொண்டு ஓட்டவேண்டும். முகவரி கேட்காமல் உழைக்கும் பெண்கள் அனைவருக்கும் கட்டணமில்லாப் பயணம் வேண்டும். மறுகுடியமர்வு எங்கே நடந்தாலும் வீட்டின் சாவிக்கு முன்பே பேருந்து வந்துசேரவேண்டும். இடித்த இடத்துக்கு அருகிலேயே வீடு தருவதே முறை. கடைசிப் பேருந்தின் நேரத்தை, கடைசித் தொழிலாளி வேலை முடிக்கும் நேரத்தைக் கொண்டு தீர்மானிக்கவேண்டும்.

நம்மிடமே கேட்டுக்கொள்ளவேண்டிய ஒன்றும் உண்டு. நமது மாநாட்டு அழைப்பிதழ்களில் ‘வாகன நிறுத்த வசதி உண்டு’ என்று அச்சிடுகிறோம். அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அச்சிடுவதில்லை. அடுத்த அழைப்பிதழிலிருந்து அதை அச்சிடுவோம். அந்த நேரத்துக்கு முன்பாகவே பேச்சாளர்கள் பேச்சை முடிப்போம்.

இப்போது எட்டரை ஆகிறது. நம் கூட்டத்துக்கு வந்துள்ள மூன்று தோழர்கள் வடகோடிக்குச் செல்லவேண்டியவர்கள். எனவே விவாதத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன். அனைவரும் ஒன்றாக நிறுத்தம் வரை நடப்போம்.